பழைய பேருந்தை நெடும்பயண வண்டியாக மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீடாக மாறிய பேருந்துகளின் படங்களில் கண்ணில் படுவதெல்லாம் கடைசி நேர வேலைகள்தான்: மரப்பலகைச் சுவர், மஞ்சள் விளக்கு, ஜன்னலோரக் கட்டில். அந்தப் பலகைக்குப் பின்னால் துரு எடுத்தார்களா, ஒயருக்கு ஃபியூஸ் போட்டார்களா, கூரை ஒழுகலை அடைத்தார்களா என்பது படத்தில் தெரியாது. வண்டி எத்தனை வருஷம் ஓடும் என்பதை முடிவு செய்வது அவைதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில் போகிறது. பின்னால் மூடப்படப் போகிற வேலைக்கு நேரத்தையும் பணத்தையும் தாராளமாகக் கொடுங்கள். வெளியே தெரிகிற வேலையை மலிவாக ஆரம்பிக்கலாம். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வண்டிக்கு முன் காகிதம்

பேருந்தைத் தேடுவதற்கு முன்பே உங்கள் ஊர் வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. பயணிகள் பேருந்தைத் தங்கும் வசதியுள்ள சொந்த வாகனமாக மாற்றிப் பதிய முடியுமா? அதற்கு உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது? எந்த வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும்? கூரையை உயர்த்துவது, ஜன்னலை அடைப்பது போன்ற பாடி மாற்றங்களுக்கு முன் அனுமதி தேவையா? பதில்கள் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் வாய்ப்பே இல்லை என்றும் சொல்லிவிடுவார்கள். அதை வண்டி வாங்கிய பிறகு கேட்க நேர்ந்தால் வயிற்றெரிச்சல்தான். காப்பீட்டு நிறுவனத்திடமும் இப்போதே பேசிவிடுங்கள். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுத்து, ரசீதுகளைச் சேர்த்து வைத்தால் பிற்பாடு ஆய்வுக்கு வருபவரிடம் பாதிப் பேச்சு மிச்சம்.

எந்தப் பேருந்து?

நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 6, 7 மீட்டர் மினி பேருந்து எங்கும் நுழையும், எங்கும் நிறுத்தலாம், இரண்டு பேருக்குப் போதும். 9 மீட்டரில் குளியலறையும் தனிக் கட்டிலும் நிதானமாக அமையும். 12 மீட்டர் வண்டி உள்ளே சொகுசு, ஆனால் குறுகிய தெருவில் திருப்பும்போது வியர்க்க வைக்கும். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமாக வாங்குகிறார்கள். உள்ளே உட்கார்ந்து கழிக்கும் நேரத்தைவிட ஓட்டுவதிலும் நிறுத்த இடம் தேடுவதிலும் போகும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் ஒரு மீட்டர் குறைவானதே நல்லது.

வகையும் முக்கியம். நகரப் பேருந்து நின்று நின்று ஓடுவதற்குச் செய்தது. பல வண்டிகளின் கியர் விகிதம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது, தாழ்தள வண்டியென்றால் மேடு பள்ளத்தில் வயிறு தட்டும். தொலைதூரச் சொகுசுப் பேருந்தில் தரைக்குக் கீழே பெரிய சாமான் அறைகள் உண்டு. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் அங்கே போய்விடும். ஆனால் ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகள் தாங்கும் அமைப்பு) போன்றவற்றின் பராமரிப்புச் செலவு அதிகம். பள்ளிப் பேருந்தின் இரும்புக் கூடு பொதுவாக உறுதியானது, அமைப்பு எளிமையானது. அமெரிக்காவில் 'ஸ்கூலி' என்று ஒரு தனி வகையாகவே இது வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே பல மாநிலங்களில் பள்ளிப் பயன்பாட்டிலிருந்து விலகிய வண்டியின் மஞ்சள் வண்ணத்தையும் நிறுத்தப் பலகையையும் மாற்றச் சட்டமே சொல்கிறது.

எஞ்சின் முன்னால் இருந்தால் சூடும் சத்தமும் ஓட்டுநர் பக்கம், பின்பகுதி முழுக்க நமக்கு. பின்னால் இருந்தால் ஓட்டுவது அமைதி, ஆனால் கட்டிலுக்குக் கீழே எஞ்சினைத் திறக்க வழி விட்டாக வேண்டும்.

பார்க்கப் போகும்போது

எஞ்சினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கூலன்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில்) எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஏர் பிரேக் இருந்தால் காற்றழுத்தம் நிரம்பியதும், வண்டி உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணையுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தபடியே இருங்கள். காற்றழுத்தம் காட்டும் முள் 3 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தின் அலகு) மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். மேற்பரப்புப் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பத்து வருஷத்தைத் தாண்டிய டயரை நம்பி நெடும்பயணம் போகக் கூடாது. ஆறு டயர் மாற்றும் செலவைப் பேரம் பேசும்போதே கழித்துவிடுங்கள்.

அப்புறம் துரு. ஒரு சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுங்கள். மேலோட்டமான செந்துரு பயப்பட வேண்டியதில்லை. தட்டும்போது மந்தமான சத்தம் வந்தாலும், ஏடு ஏடாக உதிர்ந்தாலும், ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினாலும் அது வேறு கதை. சக்கர வளைவு, படிக்கட்டு, ஜன்னலுக்குக் கீழ்ப்பகுதி, ஹீட்டர் குழாய் போகும் இடம் ஆகியவற்றில்தான் முதலில் அரிக்கும். பாடித் தகட்டை வெட்டி ஒட்டலாம். வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸிலேயே அடுக்கடுக்காக உதிர்கிறது என்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சினை மாற்றலாம், சேசிஸை மாற்றுவது என்பது வேறு வண்டி வாங்குவதுதான்.

பழைய எந்திரவகை டீசல் பம்ப் உள்ள எஞ்சினை எந்த ஊர் மெக்கானிக்கும் தொடுவார். புதிய எஞ்சின்களில் உள்ள புகை வடிகட்டிக்கும் சென்சார்களுக்கும் கணினி வைத்துப் பார்க்கும் ஆள் தேவை. எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

கழற்றுவது

பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு ஆரம்பியுங்கள். இருக்கை போல்ட்டுகள் பெரும்பாலும் துருப்பிடித்து இறுகியிருக்கும். மேலே ஒருவர், கீழே ஒருவர் பிடித்தாலும் வராவிட்டால் ஆங்கிள் கிரைண்டர்தான் வழி. தீப்பொறி டீசல் தொட்டி, குழாய், ஒயர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மிகப் பழைய வண்டியானால் பெயின்ட்டில் ஈயமும், தடுப்புப் பலகைகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. சாதாரண முகமூடியும் போதாது.

ஓடும்போது எத்தனை பேர் உட்காரப் போகிறார்களோ அத்தனை பெல்ட் வைத்த இருக்கைகளை, சேசிஸோடு பிணைத்த நிலையிலேயே, விட்டுவையுங்கள். பிளைவுட்டில் ஸ்குரூ போட்டுச் செய்த சோபா, வண்டி நிற்கும்போது உட்காருவதற்கு மட்டும்தான்.

கூரையின் உள்தகடு, பக்கத் தகடு, தரை ரப்பர், அதன் கீழுள்ள பிளைவுட் எல்லாவற்றையும் எடுங்கள். "தரை நன்றாகத்தானே இருக்கிறது, மேலேயே போட்டுவிடலாம்" என்று தோன்றும். தோன்றட்டும், எடுத்துவிடுங்கள். வருஷக்கணக்கில் கழுவிவிட்ட தண்ணீர் அந்தப் பிளைவுட்டுக்குக் கீழேதான் தேங்கியிருக்கும்.

துருவும் ஒழுகலும்

கம்பி பிரஷ் சக்கரத்தால் உதிர்வதையெல்லாம் உதிர்த்து, மிச்சத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, காய்ந்ததும் எபாக்சி பிரைமர் அடியுங்கள். இருக்கை போல்ட் இருந்த ஓட்டை ஒவ்வொன்றும் அடைபட வேண்டும். சிறியதற்குச் சீலன்ட் போதும், பெரியதற்குத் தகடு வைத்து வெல்டிங். வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும், எஞ்சின் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், மின்னணு கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள்; இல்லையென்றால் மின்னோட்டம் வேறு வழி தேடிப் போய் எதையாவது கருக்கும்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் ஓஸ் பிடித்துக் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாக நனைக்க, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு பார்க்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்றே தெரியாது. ஜன்னல் ரப்பர்கள்தான் முக்கியக் குற்றவாளிகள். தேவையில்லாத ஜன்னல்களை இப்போதே தகடு வைத்து அடைத்துவிடலாம். கூரை விசிறிக்கும் சோலார் பேனல் தாங்கிகளுக்கும் ஓட்டை போடுவதும் இந்தக் கட்டத்தில்தான். எல்லாம் முடிந்ததும் இன்னொரு தடவை ஓஸ் சோதனை.

கூரையை உயர்த்துவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிறது என்றால் மட்டும் யோசியுங்கள். மற்றவர்களுக்குச் செலவும் காற்றுத் தடையும்தான் மிச்சம்.

தரையில் டேப், கையில் எடைக் கணக்கு

வெறும் தரையில் டேப் ஒட்டிக் கட்டில், அடுப்படி, கழிவறை எல்லாவற்றையும் உண்மை அளவில் வரையுங்கள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒரு நாள் உள்ளே நடமாடுங்கள். நடைபாதை 55 செ.மீ.க்குக் குறைந்தால் இருவர் விலகிப் போக முடியாது. அடுப்பு மேடை 85 முதல் 90 செ.மீ. உயரம். கட்டிலைக் குறுக்காகப் போட்டால் இடம் மிச்சம்தான், ஆனால் உங்கள் உயரத்தைவிட 10 செ.மீ.யாவது அதிகம் கிடைக்கிறதா என்று சுவர்ப் பலகையின் தடிமனையும் கழித்துப் பாருங்கள். அவசரக் கதவை மறித்து எதையும் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு சக்கர அச்சும் எவ்வளவு தாங்கும் என்று வண்டியில் பொருத்திய தயாரிப்பாளரின் விவரத் தகட்டில் எழுதியிருக்கும். காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை எடுங்கள். 40 பேர் போகும் பேருந்து என்றால் ஆளுக்கு 70 கிலோ வைத்தாலும் 2,800 கிலோ தாங்கப் பழகியது. ஆகவே மொத்த எடை பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. பிரச்சினை, எடை ஒரே இடத்தில் சேர்வதுதான். 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. அதைப் பின் அச்சுக்கு அப்பால் வால் பக்கம் வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். கனமானவை எல்லாம் தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வர வேண்டும். இடப்பக்கம் அடுப்படியும் குளிர்சாதனப் பெட்டியும் என்றால் வலப்பக்கம் பேட்டரியும் தண்ணீரும்.

வெப்பக் காப்பு

பேருந்து என்பது தகர டப்பா. வெயிலில் அடுப்பாகும், குளிரில் உள்பக்கம் வியர்க்கும். இரண்டாவதுதான் வண்டியை மெல்லக் கொல்வது. தூங்குபவர்களின் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் ஈரம் குளிர்ந்த தகட்டில் படிந்து, பலகைக்குப் பின்னால் வழிந்து, நீங்கள் பாடுபட்டு அடித்த பிரைமரைச் சோதித்துப் பார்க்கும். சமையல் எரிவாயு 1 கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டும், ஈரத்தை உள்ளே விடாத பொருள்தான் நல்லது. மூடிய துளை கொண்ட ஸ்பிரே ஃபோம் வளைவுகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும், விலை அதிகம். எக்ஸ்.பி.எஸ். என்னும் கெட்டியான பாலிஸ்டைரின் ஃபோம் பலகையை வெட்டி ஒட்டி, ஓரங்களை ஃபோம் கேனால் அடைப்பது மலிவான வழி. சாதாரணத் தெர்மாகோல் அதிர்வில் பொடிந்து கிறீச்சிடும், வேண்டாம். கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகளை மறந்துவிடாதீர்கள். இரும்பு, ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அவற்றின் முகத்தில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டிய பிறகே உள்பலகையைப் பொருத்துங்கள். தரைக்கு 25 மி.மீ. ஃபோம், அதன் மேல் 12 அல்லது 18 மி.மீ. பிளைவுட், கடைசியில் வினைல் விரிப்பு. செராமிக் டைல்ஸ் கனம், அதிர்வில் விரிசலும் விடும்.

சுவரை மூடும் முன் ஒயர்களும் குழாய்களும் போகும் பாதையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அளவு டேப்பை வைத்து.

மின்சாரம்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், வண்டிகள் தீப்பிடிக்கும் இடமும் இதுதான். கடைக்குப் போகும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். ஒரு மாதிரி:

குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு 500 வாட்-மணி, விசிறி 25 வாட் வீதம் 10 மணிநேரம் 250, விளக்குகள் 100, மடிக்கணினி 60 வாட் வீதம் 4 மணிநேரம் 240, பம்பும் கைபேசிகளும் 80. மொத்தம் 1,170. இழப்புகளுக்கு 20 சதவீதம் கூட்டினால் சுமார் 1,400 வாட்-மணி.

வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாங்க 2,800 வேண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. அதில் 80 சதவீதம் பயன்படுத்தினால் மூன்று பேட்டரி போதும். லெட்-ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, எடையும் பல மடங்கு. லித்தியத்துக்கு ஒரு நிபந்தனை: பேட்டரியின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது. குளிர்ப் பிரதேசம் போவதானால் அதைத் தானே தடுக்கும் அமைப்பு உள்ளதாக வாங்குங்கள்.

சோலார் பக்கம், நல்ல வெயில் நாளுக்கு நாலரை மணிநேரம் என்று வைத்து, 30 சதவீத இழப்பைக் கழித்தால், 1,400 வாட்-மணிக்கு 450 வாட் பேனல் வேண்டும். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் அடியில் காற்று போக விடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில், பேனலிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரம் எடுக்கும் எம்.பி.பி.டி. வகைக் கட்டுப்பாட்டுக் கருவியே போடுங்கள். இண்டக்ஷன் அடுப்பை 1,800 வாட்டில் ஒரு மணிநேரம் ஓட்டினால் மேலே போட்ட ஒரு நாள் கணக்கையே தாண்டிவிடும். ஏசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பேருந்தின் ஸ்டார்ட்டர் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் தனித்தனியாக வையுங்கள். ஓடும்போது சார்ஜ் ஏற, இரண்டுக்கும் நடுவில், போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரில் இணைத்தால் அது நிற்காமல் மின்னோட்டத்தை உறிஞ்சி ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடக்கூடும். பெரிய பேருந்துகள் பல 24 வோல்ட்டில் ஓடுபவை, பார்த்து வாங்குங்கள். வீட்டுப் பக்கத்தையும் 24 வோல்ட்டாகவே செய்வது எனக்குப் பிடித்த வழி (அப்போது 12.8 வோல்ட் பேட்டரிகளை இரண்டிரண்டாகத் தொடராக இணைக்க வேண்டும், மேலே சொன்ன மூன்று நான்காகும்). 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் சுமார் 185 ஆம்பியர் இழுக்கும். 24 வோல்ட்டில் அதில் பாதி. கேபிளும் அதற்கேற்ப மெலிந்ததாகப் போதும்.

ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் முதன்மை ஃபியூஸ் வர வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் கிடையாது. வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் முறியும். பல இழை ஒயர் போட்டு, முனைகளைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள் (உலோக முனையோடு அழுத்தி இறுக்குவது). தகட்டில் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுப்பதானால் மின்கசிவுத் துண்டிப்பானும் சேசிஸுக்கு எர்த்தும் கட்டாயம். அந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தண்ணீர்

குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, சிக்கனமாகக் குளிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர். இரண்டு பேருக்கு 200 லிட்டர் ஐந்தாறு நாள் வரும். பெரிய தொட்டியில் உள்தடுப்புகள் இருக்கட்டும்; பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளும். வளையும் பெக்ஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) குழாய் அதிர்வைத் தாங்கும். கழிவுநீர்த் தொட்டி நல்ல நீர்த் தொட்டிக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும், அனுமதித்த இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும்.

கழிவறையில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் வகை எளிமையானது. தண்ணீர் செலவில்லை, பிரித்து வைத்தாலே நாற்றத்தில் பெரும்பகுதி போய்விடும். கழற்றி எடுத்துக் காலி செய்யும் பெட்டி வகையும் உண்டு, ஆனால் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அதற்கென்று இடம் தேட வேண்டும்.

கேஸ், தீ, காற்று

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் குளம்போலத் தேங்கும். எனவே சிலிண்டருக்கு வீட்டுப் பகுதியோடு தொடர்பில்லாத, வெளியே திறக்கும் தனி அறை வேண்டும். அதன் அடியில் காற்று இறங்க ஓட்டை வேண்டும். கசிவு எச்சரிக்கைக் கருவி தரையருகே. கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்துவிடும், நிறமும் மணமும் கிடையாது. அதற்கான கருவி படுக்கும் இடத்தின் அருகே. புகைக் கருவி கூரையில். தீயணைப்பான் வாசலில் ஒன்று, கட்டிலருகே ஒன்று.

குளிருக்கு டீசல் ஹீட்டர் நல்லது, அதன் எரிகாற்றும் புகையும் வெளியிலிருந்து வெளிக்கே போகும்படி பொருத்தினால். அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்குவது உயிருக்கு ஆபத்து. கூரை விசிறி வேலை செய்யத் தாழ்வான இடத்தில் காற்று நுழைய வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் சத்தம்தான்.

மரவேலை

இதற்கு நிறைய வழிகாட்டிகள் இருக்கின்றன, வேகமாகக் கடந்துவிடலாம். 12 மி.மீ. பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஒரு தாள் 20 கிலோவைத் தொடும். தேவைக்கு மேல் தடிமன் வேண்டாம். அலமாரிகளைத் தகட்டில் அல்ல, கூட்டின் இரும்பு வளைவுகளில் ரிவெட் நட் (ஒரு பக்கமிருந்தே ஓட்டையில் பதிக்கும் நட்) போட்டு போல்ட்டால் பிணையுங்கள். எல்லா நட்டும் நைலான் வளையம் வைத்தவை. இழுப்பறைகளுக்குக் காந்தம் போதாது, பூட்டும் கொக்கி வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, பேட்டரி, தொட்டி மூன்றும் வண்டி கவிழ்ந்தாலும் பிய்ந்து வராத அளவுக்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

தண்ணீர், துணி, ஆட்கள் எல்லாம் ஏறிய நிலையில் மறுபடி எடைமேடை. அந்த அச்சு எடைக்கு ஏற்பத்தான் டயர் காற்று, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து. பேனலும் விசிறியும் சேர்த்து வண்டியின் புது உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பாலத்துக்குக் கீழே போகும்போது மனக்கணக்குப் போட நேரம் இருக்காது.

முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணிநேர தூரத்துக்குள் இருக்கட்டும், வேண்டுமென்றே ஒரு மோசமான சாலையையும் சேர்த்து. திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) மறுபடி முறுக்குங்கள். குழாய் இணைப்புகளுக்குக் கீழே காய்ந்த டிஷ்யூ பேப்பரை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள், சொட்டு விழுந்தால் காட்டிக்கொடுக்கும். கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். மின்பெட்டியில் பெரிய கேபிள்களின் முனைகளைத் தொடும் முன் இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி சுவிட்சைத் துண்டித்துவிட்டு, தளர்ந்த போல்ட்டை இறுக்குங்கள். கிறீச்சிடும் அலமாரிக்கு ஃபெல்ட் பட்டை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இதே சுற்று இன்னொரு தடவை.